துறையின் பத்தாண்டு ஆய்வு வெளியீட்டைக் கணக்கெடுக்க வேண்டும்: ஒவ்வொரு தளத்திலும் ஒவ்வோர் எண் வருகிறது

தென்றல்_நூலகம்

வணக்கம். ஒரு தன்னாட்சிக் கல்லூரி நூலகத்துக்காகக் கேட்கிறேன். வேதியியல் துறையின் 2014 முதல் 2023 வரையிலான ஆய்வு வெளியீடுகள் குறித்து அறிக்கை கேட்டிருக்கிறார்கள். கட்டுரை எண்ணிக்கை, சைட்டேஷன் (மேற்கோள்), எச்-இண்டெக்ஸ் (கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோளையும் சேர்த்துப் பார்க்கும் அளவு), யார் யாருடன் சேர்ந்து எழுதியிருக்கிறார்கள் என்ற வலைப்படம், இவ்வளவும் வேண்டும்.

ஸ்கோபஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தில் ஓர் எண் வருகிறது. அதே போன்ற வெப் ஆஃப் சயின்ஸில் அதைவிடக் குறைவு. ஆசிரியர்களின் கூகுள் ஸ்காலர் பக்கங்களைக் கூட்டினால் ஸ்கோபஸைப் போல ஏறத்தாழ இருமடங்கு. துறை கொடுத்த பட்டியல் இந்த மூன்றோடும் ஒத்துப்போகவில்லை. எதை எடுப்பது? ஒரே பெயரில் பலர், ஒருவருக்கே பல பெயர் என்ற குழப்பத்தை எப்படித் தீர்ப்பது? துறைக்கு ஒரு எச்-இண்டெக்ஸ் போட்டு, ஆசிரியர்களை வரிசைப்படுத்தியும் தரச் சொல்கிறார்கள். அது சரிதானா? வலைப்படம் வரையும் விஓஎஸ்வியூவர் மென்பொருளில் படம் வருகிறது, ஆனால் துறையில் பாதிப்பேர் அதில் இல்லை.

---

பதிவேடு

மூன்று தளமும் மூன்று எண் தருவதில் வியப்பில்லை. வெப் ஆஃப் சயின்ஸ் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எடுக்கிறது. ஸ்கோபஸ் இன்னும் பரவலாக எடுக்கிறது. கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (ப்ரீபிரிண்ட்), கருத்தரங்கச் சுருக்கம், கல்லூரி இணையதளத்தில் கிடக்கும் பி.டி.எஃப். என எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும். ஒன்றை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். வேதியியலுக்கு ஸ்கோபஸ் போதும். மற்றவை விடுபட்டதைக் கண்டுபிடிக்க மட்டும். இரண்டு தளங்களின் சைட்டேஷனை ஒருபோதும் கூட்டாதீர்கள். ஒரே மேற்கோள் இரண்டிலும் இருக்கும்.

தேடலை ஆசிரியர் பெயரில் தொடங்க வேண்டாம். பணிப்பதிவேட்டிலிருந்து யார் எப்போது சேர்ந்தார், எப்போது போனார் என்று ஓர் அட்டவணை போடுங்கள். அடுத்து ஒரு விதியை எழுத்தில் முடிவு செய்யுங்கள்: கட்டுரையில் உங்கள் கல்லூரி முகவரி இருந்தால்தான் அது துறையின் கணக்கு. வேறு ஊரில் வேலை பார்த்தபோது எழுதியது அந்த ஆசிரியருடையது, துறையுடையது அல்ல. துறையின் பட்டியல் ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

முகவரியிலும் வலை விரித்துத் தேட வேண்டும். ஸ்கோபஸ் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஓர் எண் வைத்திருக்கிறது. அதை மட்டும் நம்பினால் விடுபடும். நம் ஊரில் "இன்ன பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றது" என்று முகவரியில் எழுதும் வழக்கம் உண்டு. அதனால் சில கட்டுரைகள் கல்லூரிக்குப் போகாமல் பல்கலைக்கழகத்தின் கணக்கில் விழுந்துவிடும். அரசு கலைக் கல்லூரி என்றால் அந்தப் பெயரில் பல ஊர்களில் கல்லூரிகள் உண்டு. ஊர்ப்பெயரும் திருச்சி, திருச்சிராப்பள்ளி, ட்ரிச்சி என்று மாறும். ஆகவே நிறுவன எண்ணோடு, கல்லூரிப் பெயரின் எல்லா வடிவங்களையும் ஊர்ப்பெயரின் எல்லா வடிவங்களையும் சேர்த்து முகவரிப் புலத்தில் இன்னொரு முறை தேடுங்கள்.

இனிப் பெயர்கள். உங்கள் வேலையில் பாதி இங்கேதான் போகும். இந்தத் தளங்கள் குடும்பப்பெயர் முதலில், சொந்தப்பெயரின் முதலெழுத்து பின்னால் என்ற வழக்கத்துக்காகக் கட்டப்பட்டவை. நமக்குக் குடும்பப்பெயரே இல்லை. சுப்பிரமணியன் மகன் எஸ். முருகேசன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் "எஸ். முருகேசன்" என்றே அச்சாகி, "முருகேசன், எஸ்." என்று சரியாகப் பதிவாகும். அடுத்த இதழின் படிவத்தில் முதல்பெயர் முருகேசன், கடைசிப்பெயர் எஸ் என்று நிரப்பியிருப்பார். அது "எஸ், எம்." ஆகிவிடும். மூன்றாவது இதழ் ஒற்றை எழுத்தைக் கடைசிப்பெயராக ஏற்காது என்பதால் இனிஷியலை விரித்து எழுதுவார். "சுப்பிரமணியன், எம்." என்று அப்பா பெயரில் பதிவாகிவிடும். ஒரே ஆளுக்கு மூன்று ஆத்தர் ஐடி (தளம் ஓர் ஆசிரியருக்குத் தரும் அடையாள எண்). பெண் ஆசிரியர்களில் சிலர் திருமணத்துக்குப் பிறகு அப்பாவின் இனிஷியலை விட்டுக் கணவருடையதைப் போட்டிருப்பார்கள். ஆர். கவிதாவும் கே. கவிதாவும் ஒருவரே என்று எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. ழகரத்தை ஒருவர் இசட்-எச் என்றும் ஒருவர் வெறும் எல் என்றும் எழுதுவது தனி.

எதிர்ப்பக்கத்தில் "குமார், எஸ்." போன்ற பெயரில் எத்தனையோ பேரின் கட்டுரைகள் ஒரே ஐடியில் குவிந்திருக்கும். அந்த ஐடியின் எச்-இண்டெக்ஸை அப்படியே எடுத்தால் யாரோ செய்த மருத்துவ ஆய்வின் மேற்கோளெல்லாம் உங்கள் ஆசிரியர் தலையில் ஏறும்.

ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு தாள் எடுத்து எல்லாப் பெயர் வடிவங்களையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள். இனிஷியலின் விரிவு கட்டாயம் வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டுரைக்கும் முகவரி, இணையாசிரியர்கள், ஆய்வுப்பொருள் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்துகிறதா என்று பாருங்கள். பெயர் மட்டும் பொருந்துவது சான்று ஆகாது. ஸ்கோபஸில் பிரிந்த ஐடிகளைச் சேர்க்கவும், கலந்ததைப் பிரிக்கவும் திருத்தக் கோரிக்கை அனுப்பலாம். ஆனால் திருத்தம் உடனே வந்துவிடாது. அறிக்கைக்கு உங்கள் தாளையே ஆதாரமாக வையுங்கள். ஆர்கிட் என்ற, ஆய்வாளருக்கான 16 இலக்க அடையாள எண் இல்லாதவர்களுக்கு இப்போதே எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அது 2012இல்தான் வந்தது. பழைய கட்டுரைகளைத் தானாகத் தேடிச் சேர்க்காது, ஒருமுறை உட்கார்ந்து இணைக்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்கோபஸிலிருந்து இறக்கிய சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் திறந்து சேமிக்கவே கூடாது. மூலத்தைத் தனியே பூட்டி வையுங்கள். 3-8 என்ற பக்க எண்ணை எக்செல் தேதியாக்கிவிடும். ஓர் அறையில் 32,767 எழுத்துக்கு மேல் கொள்ளாது. மறுஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல் அதைத் தாண்டினால் வெட்டுப்பட்டு, பிறகு எந்த மென்பொருளும் அந்த வரியைச் சரியாகப் படிக்காது. பார்க்க வேண்டுமானால் நகல் எடுத்து, டேட்டா மெனு வழியாக, எல்லா நெடுவரிசைகளையும் எழுத்து வகையாக வைத்து இறக்குங்கள்.

இரட்டைப் பதிவு நீக்க, கட்டுரையின் நிலையான அடையாளமான டி.ஓ.ஐ. எண்ணை எடுங்கள். முன்னால் இருக்கும் இணைய முகவரியை வெட்டி, எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிய பிறகு ஒப்பிடுங்கள். டி.ஓ.ஐ. இல்லாதவற்றுக்குத் தலைப்பின் முதல் ஐம்பது எழுத்தும் முதல் பக்க எண்ணும். ஆண்டைச் சேர்க்காதீர்கள். 2019 டிசம்பரில் இணையத்திலும் 2020 மார்ச்சில் இதழிலும் வந்தது இரண்டாகத் தெரியும். எந்த ஆண்டை எடுக்கிறீர்கள் என்பதையும் அறிக்கையில் எழுதிவிடுங்கள்.

---

கழித்தல்

பதிவேடு சொன்னது முடியாமல் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள். எண்ணிக்கை பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஆசிரியர்களின் கட்டுரைகளைக் கூட்டினால் துறையின் எண்ணிக்கை வராது. ஒரே துறையின் இருவர் சேர்ந்து எழுதியது துறைக்கு ஒன்று, ஆள்கணக்கில் இரண்டு. தனிநபர் அட்டவணைக்குக் கீழே "மொத்தம்" என்று ஒரு வரி போட்டால் அது தவறான எண்.

முழு எண்ணிக்கை, பங்கு எண்ணிக்கை இரண்டையும் காட்டுங்கள். தனியே எழுதிய ஒன்று, இருவர் எழுதிய ஒன்று, ஐவர் எழுதிய ஒன்று என்றால் முழுக்கணக்கில் 3, பங்குக்கணக்கில் 1 + 0.5 + 0.2 = 1.7. வேதியியலில் இந்த வேறுபாடு தாங்கக்கூடியது. துகள் இயற்பியலில் தாங்காது: ஹிக்ஸ் போசான் என்ற துகளின் நிறையை செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ், சி.எம்.எஸ். குழுக்கள் சேர்ந்து 2015இல் வெளியிட்ட கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அப்படிப்பட்ட ஒரு கட்டுரையில் கல்லூரி பெயர் இருந்தால் முழுக்கணக்கில் கல்லூரியின் மேற்கோள் படமே மாறிவிடும்.

எச்-இண்டெக்ஸ், இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005இல் தந்தது. குறைந்தது 5 மேற்கோளாவது பெற்ற கட்டுரை 5 இருந்து, 6 மேற்கோளாவது பெற்றது 6 இல்லையென்றால் எச் 5. கட்டுரைகளை மேற்கோள் இறங்குவரிசையில் அடுக்குங்கள்: 40, 22, 11, 9, 6, 5, 5, 2, 0. ஐந்தாவதுக்கு 6 இருக்கிறது, ஆறாவதுக்கு 5தான். எனவே எச் 5. முதல் கட்டுரையின் 40 நாளைக்கு 400 ஆனாலும் எச் 5தான். ஒருபோதும் குறையாது, ஆண்டு ஏற ஏறத்தான் செய்யும். இருபது ஆண்டு பணி முடித்தவரையும் நான்காண்டுக்கு முன் சேர்ந்தவரையும் இதை வைத்து வரிசைப்படுத்தினால் நீங்கள் அளந்தது பணிக்காலத்தை. துறை எச்-இண்டெக்ஸ் கேட்கிறார்கள் என்றால் போடலாம், துறையின் எல்லாக் கட்டுரைகளையும் ஒரே பட்டியலாக அடுக்கிக் கணக்கிட வேண்டும். ஆசிரியர்களின் எச்-ஐக் கூட்டுவதோ சராசரி எடுப்பதோ பொருளற்றது.

சராசரி மேற்கோளும் ஏமாற்றும். துறைவாரியாகச் சமன்செய்த மேற்கோள் தாக்கம் என்று ஸ்கோபஸ் தருகிறதே, எஃப்.டபிள்யூ.சி.ஐ., அதிலும் இந்தச் சிக்கல் உண்டு. அதே ஆய்வுத்துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரைகளின் உலகச் சராசரியை 1 என்று வைத்து, வெளியான ஆண்டும் அடுத்த மூன்று ஆண்டும் வந்த மேற்கோள்களை அது ஒப்பிடும். நல்ல அளவுதான். ஆனால் 20 கட்டுரையில் 19க்கு 0.5, ஒன்றுக்கு 30.5 என்றால் சராசரி 2.0 வந்துவிடும். "உலகச் சராசரியைப் போல இருமடங்கு" என்று எழுதுவீர்கள். 19 கட்டுரைகள் அதில் பாதியில் நிற்கின்றன. நடுமதிப்பையும், அந்த ஆய்வுத்துறையில் உலக அளவில் முதல் 10 சதவீதத்தில் வரும் கட்டுரைகளின் பங்கையும் பக்கத்தில் கொடுங்கள்.

2014 கட்டுரையையும் 2023 கட்டுரையையும் மொத்த மேற்கோளில் ஒப்பிடாதீர்கள். வெளியானதிலிருந்து மூன்றாண்டுச் சாளரம் வைத்துக்கொண்டு, சாளரம் முடியாதவற்றைத் தனியே காட்டுங்கள். ஆசிரியர் தன் கட்டுரையைத் தானே காட்டும் தன்மேற்கோளை நீக்கியும் நீக்காமலும் இரண்டு எண் கொடுங்கள். தரவு இறக்கிய தேதி ஒவ்வொரு அட்டவணையின் அடியிலும் இருக்கட்டும். அடுத்த வாரமே எண் மாறிவிடும்.

இம்பாக்ட் ஃபேக்டருக்கு ஒரு நெடுவரிசை கட்டாயம் கேட்பார்கள். அது இதழின் அளவு, கட்டுரையுடையது அல்ல. 2021, 2022இல் வந்தவற்றுக்கு 2023இல் கிடைத்த மேற்கோளை, அந்த ஈராண்டின் ஆய்வுக்கட்டுரை, மறுஆய்வுக் கட்டுரை எண்ணிக்கையால் வகுத்தது 2023 இம்பாக்ட் ஃபேக்டர். சில கட்டுரைகள் மேற்கோளின் பெரும்பங்கை ஈட்டும். மற்றவை இதழின் பெயரில் சவாரி செய்யும். கட்டுரையையோ ஆளையோ மதிப்பிட இதைப் பயன்படுத்தாதீர்கள் என்பதுதான் ஆய்வு மதிப்பீடு குறித்த 2012 சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தின் முதல் பரிந்துரை. ஆசிரியர்களின் இம்பாக்ட் ஃபேக்டர்களைக் கூட்டி ஒரு "மொத்தம்" காட்டும் வழக்கம் நம் கல்லூரிகளில் இருக்கிறது. அந்தக் கூட்டலுக்கு எந்த அர்த்தமும் இல்லை, தயவுசெய்து தொடராதீர்கள்.

இதழின் அட்டையில் அச்சிட்ட "இம்பாக்ட் ஃபேக்டர்" எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெப் ஆஃப் சயின்ஸை நடத்தும் கிளாரிவேட்டின் இதழ்ப் பட்டியலில் இதழின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.ஐப் போட்டுப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் யு.ஜி.சி. கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது, பழைய அறிக்கைகளில் அது அளவுகோலாக இருந்ததென்றால் அதையும் குறியுங்கள். ஸ்கோபஸ் நிறுத்திவிட்ட இதழ்களில் முன்பு வந்தவை பெரும்பாலும் பட்டியலில் அப்படியே இருக்கும். அவற்றுக்கு ஓர் அடையாளம் போடுங்கள். கடைசியாக எல்லா டி.ஓ.ஐ.யையும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவோடு ஒப்பிடுங்கள். 2023 முதல் டி.ஓ.ஐ. பதிவு அமைப்பான கிராஸ்ரெஃப் அதை இலவசமாகத் தருகிறது. திரும்பப் பெறப்பட்ட கட்டுரையைச் சாதனைப் பட்டியலில் வைத்து அனுப்பினால் துறைக்குத்தான் கேடு.

---

தென்றல்_நூலகம்

இருவருக்கும் நன்றி. வரிசைப்பட்டியல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம், ஆனால் அதற்குப் பதிலாக எதையாவது தர வேண்டும். வலைப்படம் பற்றி யாராவது சொல்லுங்கள். அடுத்து தமிழ்த்துறைக்கும் இதே அறிக்கை கேட்பார்கள் போலிருக்கிறது, அங்கே ஸ்கோபஸில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

---

முடிச்சு

பாதிப்பேர் காணாமல் போவதற்கு இரண்டு காரணம் இருக்கும்.

ஒன்று, விஓஎஸ்வியூவர் ஓர் ஆசிரியருக்குக் குறைந்தது ஐந்து கட்டுரை என்று தானாகவே வரம்பு வைத்துக்கொள்ளும். துறை அளவில் அது அதிகம். 2க்கு இறக்குங்கள். இரண்டு, கடைசிக் கட்டத்தில் "சில ஆசிரியர்கள் ஒன்றோடொன்று இணையவில்லை, இணைந்த பெரிய தொகுதியை மட்டும் காட்டட்டுமா?" என்று ஒரு கேள்வி வரும். பழக்கத்தில் ஆம் என்று அழுத்திவிடுவோம். இல்லை என்று கொடுங்கள். துறைக்குள் யாருடனும் சேராமல் வெளியூர்க் குழுவோடு மட்டும் எழுதுபவர்கள் அந்த ஒரு சொடுக்கில்தான் மறைகிறார்கள். உண்மையில் நிர்வாகம் பார்க்க வேண்டியது அவர்களைத்தான். துறை எத்தனை தீவுகளாக இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

செய்முறை: கிரியேட், நூற்பட்டியல் தரவிலிருந்து வரைபடம், ஸ்கோபஸ் கோப்பு, கோ-ஆத்தர்ஷிப், அலகு ஆசிரியர். பங்கு எண்ணிக்கையைத் தேர்வு செய்யுங்கள். முழு எண்ணிக்கையில் 10 பேர் எழுதிய ஒரே கட்டுரை 45 இணைப்புகளை உண்டாக்கி, படத்தின் நடுவில் ஒரு பெரிய கொத்தாக உட்கார்ந்துகொள்ளும். பங்குக்கணக்கில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒன்பதில் ஒரு பங்கு எடைதான். 25 பேருக்கு மேல் எழுதிய கட்டுரைகளை விட்டுவிடும் வசதியும் அதே பக்கத்தில் இருக்கிறது.

பெயர்களைச் சேர்க்கத் தெசாரஸ் (பெயர்மாற்றப் பட்டியல்) கோப்பு கொடுக்க வேண்டும். இரண்டு நெடுவரிசை, நடுவில் டேப். முதல் வரியில் ஆங்கிலத்தில் லேபிள், ரீப்ளேஸ் பை என்ற தலைப்புகள். இடப்பக்கம் மாறுபட்ட வடிவம், வலப்பக்கம் நீங்கள் வைத்துக்கொள்ளும் வடிவம். இது உங்கள் ஆசிரியர் தாள்களிலிருந்து அப்படியே வரும். இடைவெளி விட்டு எழுதினால் படிக்காது, டேப்தான். ஒரு பொறி: தெசாரஸ் பெயரைச் சேர்க்கும், பிரிக்காது. இரண்டு வேறு "குமார், எஸ்." உங்கள் கோப்பில் இருந்தால், முதலிலேயே சி.எஸ்.வி. நகலில் ஒருவருடைய பெயரை மாற்றி எழுதினால்தான் உண்டு.

கூட்டாய்வு அளவுக்கு வருவோம். சுப்பிரமணியம் என்ற ஆய்வாளர் 1983இல் சொன்ன கூட்டுவீதம், பலர் எழுதியவை வகுத்தல் மொத்தம். நம் நூலகவியல் ஆய்வேடுகளில் ஒரு சடங்காகவே இடம்பெறும். வேதியியலில் இது எப்போதும் 1ஐ ஒட்டியே நிற்கும், ஒன்றும் சொல்லாது. அஜிஃபெருகேவும் வேறு இருவரும் 1988இல் தந்த கூட்டுக்கெழு கொஞ்சம் மேல்: ஒவ்வொரு கட்டுரைக்கும் 1ஐ ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து, அவற்றின் சராசரியை 1இலிருந்து கழிப்பது. 10 கட்டுரையில் ஒருவர் எழுதியது 1, இருவர் 3, மூவர் 4, நால்வர் 2 என்றால் 1 − (1 + 1.5 + 1.33 + 0.5)/10, அதாவது 0.57. அதே தரவுக்குக் கூட்டுவீதம் 0.9.

உங்கள் அறிக்கைக்கு நான் சொல்வது வேறு: ஒவ்வொரு கட்டுரையையும் முகவரி பார்த்து, துறைக்குள், கல்லூரிக்குள், தமிழகத்துக்குள், இந்தியாவுக்குள், வெளிநாட்டோடு என்று ஐந்தில் ஒன்றில் போடுங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு முகவரி இருப்பதைக் கூட்டாய்வு என்று எண்ணாதீர்கள். வெளிநாட்டுக் கௌரவப் பதவி வைத்திருப்பவர் தனியே எழுதினாலும் மென்பொருள் அதைச் சர்வதேசக் கூட்டு என்றே காட்டும். பிப்லியோஷைனி என்ற மென்பொருள் தரும் தொடர்பாசிரியர் (கரெஸ்பாண்டிங் ஆத்தர்) நாடுவாரி வரைபடமும் அவருடைய நாட்டை வைத்தே போடப்படுவது. உங்கள் ஆசிரியர் இணையாசிரியராக மட்டும் இருந்தால் அது வேறு நாட்டின் கணக்கில் நிற்கும்.

---

ஓலை

தமிழ்த்துறை பற்றி மட்டும். ஸ்கோபஸில் இல்லை என்பதால் வெளியீடு பூஜ்யம் என்று எழுதிவிடாதீர்கள், அது பொய்யான அறிக்கை. அங்கே வெளியீடு என்பது நூல், பதிப்பு, தொகுப்புநூலில் கட்டுரை. மேற்கோள் அடிக்குறிப்பில் கிடக்கிறது, எந்தத் தரவுத்தளமும் அதை எடுப்பதில்லை. உள்ளூர் முக்கியத்துவமுள்ள ஆய்வுக்குரிய இடத்தைக் காக்க வேண்டும் என்று ஆய்வு அளவீடுகள் குறித்த 2015 லைடன் அறிக்கையின் பத்து நெறிகளில் மூன்றாவது சொல்கிறது, அதை முகப்பிலேயே வையுங்கள்.

அளக்கக்கூடியவை இருக்கின்றன. நூல் எந்தெந்தப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பாடநூலாகவோ பார்வைநூலாகவோ இருக்கிறது. எத்தனை நூலகங்களின் பட்டியலில் இருக்கிறது, இதற்கு உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலான வேர்ல்ட்கேட் உதவும். எத்தனை பதிப்பு கண்டது. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் உள்ள தமிழ் ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலில் வருகிறதா. கடைசியது கையால் பார்க்க வேண்டிய வேலை. பல கோப்புகள் படமாக ஸ்கேன் செய்யப்பட்டவை, சொல் தேடினால் கிடைக்காது. துணைநூற்பட்டியல் பெரும்பாலும் தனிக் கோப்பாக இருக்கும், அதை மட்டும் இறக்கினால் நேரம் மிச்சம். ஆசிரியருக்கு ஒன்றிரண்டு நூல் எடுத்துக்கொண்டு, எத்தனை ஆய்வேடு பார்த்தீர்கள், எந்த ஆண்டுகள் என்பதைச் சொல்லிவிட்டு எண்ணைக் கொடுங்கள்.

---

பதிவேடு

வரிசைப்பட்டியலுக்குப் பதிலாக: ஒவ்வோர் ஆசிரியரும் இந்தப் பத்தாண்டில் தான் முக்கியமாகக் கருதும் ஐந்து கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் என்ன கண்டுபிடித்தோம், அதில் தன் பங்கு என்ன என்று இரண்டு வரி. பக்கத்தில் மூன்றாண்டு மேற்கோள், ஆசிரியர் எண்ணிக்கை. அகரவரிசையில் அடுக்குங்கள். பாடவேளை அதிகமுள்ளவர், ஆய்வுக்கூடம் இல்லாதவர் யாரும் இதில் கீழே தள்ளப்பட மாட்டார்கள். படிப்பவருக்கும் துறை என்ன செய்கிறது என்று புரியும்.

ஸ்கோபஸ் சந்தா கல்லூரியில் இல்லையென்றால், 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் என்ற ஆய்வுக்கட்டுரைத் தரவுத்தளத்தைப் பாருங்கள். தரவு முழுக்கப் பொது உரிமையில் இருக்கிறது, நிறுவனப் பெயரில் தேடி சி.எஸ்.வி.யாக இறக்கலாம், விஓஎஸ்வியூவர் அதை நேரடியாகவும் படிக்கும். பெயர்க் கலப்பு அங்கே ஸ்கோபஸைவிடக் கூடுதல், சில கட்டுரைகளுக்கு முகவரியே இருக்காது. உங்கள் ஆசிரியர் தாளை வைத்துச் சரிபார்க்காமல் அதிலிருந்து ஓர் எண்ணைக்கூட எடுக்க வேண்டாம்.

கூகுள் ஸ்காலர் பக்கம் வைத்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று சொல்லுங்கள்: புதிய கட்டுரைகளைத் தானாகச் சேர்க்கும் அமைப்பை மாற்றி, மின்னஞ்சலில் கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி வைக்கட்டும். நீங்கள் பார்த்த அந்த இருமடங்கில் ஒரு பகுதி, அதே பெயருள்ள வேறு யாருடையதோதான்.